விளக்கடியில் வளரும் மிளகாய்ச் செடி: பூக்கும் முன் எங்கே வெட்டுவது, எங்கே வளைப்பது

கேள்வி இதுதான்: வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் ஒரு மிளகாய்ச் செடி ஒன்பது இலை விட்டு நிற்கிறது. தொட்டி விளிம்புக்கும் விளக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. நுனியைக் கிள்ளலாமா, எத்தனை முறை கிள்ளலாம், கிளைகளை எப்போது வளைத்துக் கட்டுவது, இதையெல்லாம் பூ வருவதற்குள் முடித்தாக வேண்டுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளுவதானால் ஒரே ஒரு முறை, அதுவும் இந்த வாரத்திலேயே. அதற்குப் பிறகு கத்தரிக்கோலைவிடக் கயிற்றுக்குத்தான் வேலை அதிகம். பூ வருவதற்குள் முடிக்க வேண்டியது செடியின் அடிப்படைக் கட்டமைப்பு மட்டும். மற்றவை காய் பிடிக்கும் வரை நடந்துகொண்டே இருக்கும்.

ஏன் இந்த வாரம் என்பது மிளகாய் எப்படிக் கட்டப்பட்ட செடி என்பதைப் பார்த்தால் புரியும். விதையிலிருந்து எழும் தண்டு ஒற்றையாகவே மேலே போகும். சாதாரண மிளகாயும் குடைமிளகாயும் சேர்ந்த இனத்தில், ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பதினைந்து இலை வரை வந்ததும் அந்தத் தண்டின் நுனியே பூவாக மாறிவிடுகிறது. அதோடு தண்டின் கதை முடிந்தது. பூவுக்கு அடியிலிருந்து இரண்டு கிளைகள், சில சமயம் மூன்று, கவையாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் ஓரிரு இலை விட்டுத் தானும் ஒரு பூவில் முடியும், மறுபடி கவையாகும். அதனால் மிளகாயில் 'வளரும் பருவம்', 'பூக்கும் பருவம்' என்று விளக்கு நேரத்தை மாற்றிப் பிரித்துவிட முடியாது. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அல்ல இது. இலைக் கணக்கைப் பார்த்துப் பூக்கிறது. 14 முதல் 16 மணி நேர வெளிச்சத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அப்படியே வைத்திருக்கலாம். 24 மணி நேரமும் விளக்கை எரியவிட்டால் வேகமாக வளரும் என்று நினைப்பவர்கள் உண்டு. சில வாரங்களில் இலை வெளுத்துக் கோணலாவதுதான் அதில் கிடைக்கும் பலன்.

ஒன்பது இலையில் நிற்கும் செடியின் கொழுந்தைப் பிரித்துப் பார்த்தால் கவை உருவாகத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கடுகளவு பச்சை மொக்கு கண்ணில் பட்டுவிட்டால் கிள்ளுவதை விட்டுவிடுங்கள். செடி தானே இரண்டாகப் பிரியப் போகிறது. அதற்குப் பிறகும் நீங்கள் வெட்டினால் இரண்டு மூன்று வார வளர்ச்சியைக் குப்பையில் போட்டு, அதே இரண்டு கிளைகளைக் கொஞ்சம் கீழே வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். மொக்கு இன்னும் தெரியவில்லை, செடியும் நெடுநெடுவென்று போகிறது என்றால் கிள்ளலாம்.

எல்லா ரகத்துக்கும் கிள்ளல் தேவையில்லை. ஹபனேரோ என்ற கடுங்கார மிளகாய் வகையறா தானாகவே குட்டையாக, அடியிலிருந்தே கிளைத்துப் புதராகும். அதன் நுனியை எடுப்பதால் காலதாமதம் தவிர வேறொன்றும் கிடைக்காது. நீளமான காய் தரும் ஒல்லி ரகங்கள்தான் கிள்ளலுக்கு நன்றாக மசியும். பெரிய காய் விடும் குடைமிளகாயை நுனி கிள்ளாதீர்கள். கிளை கூடினால் காய் சிறுக்கும்; அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன். அலங்காரத்துக்கு வளர்க்கும் குட்டை மிளகாய்க்கு இந்தப் பதிலில் உள்ள எதுவுமே வேண்டாம்.

கிள்ளினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், எங்கே வெட்டுவது என்பது மனப்பாடம் செய்த விதியாகிவிடும். நுனிக் கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, இலைக் கக்கத்தில் இருக்கும் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. தாவர ஆய்வாளர்கள் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் 1930களில் இதைக் காட்டினார்கள்: மொச்சை போன்ற ஒரு பயறுச் செடியின் நுனியை வெட்டினால் பக்க மொட்டு கிளம்புகிறது, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தால் மறுபடி அடங்கிவிடுகிறது. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொரு பாதியைச் சேர்த்தது. நுனி போனவுடன், ஆக்சின் குறைந்த செய்தி கீழ் மொட்டை எட்டும் முன்பே, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்ந்து அவற்றை எழுப்பிவிடுகிறது.

வளர்ப்பவருக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். பக்கக் கிளை கிளம்பச் சர்க்கரை வேண்டும், சர்க்கரை இலையிலிருந்து வர வேண்டும். ஆகவே நுனியைக் கிள்ளுகிற அன்றே கீழ் இலைகளையும் 'காற்றோட்டத்துக்கு' என்று உருவிவிட்டால், எழுப்பப் பார்க்கும் மொட்டுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். கிள்ளி இரண்டு வாரமாகியும் அசையாத செடிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

செய்முறைக்கு வருவோம். வித்திலைகளைக் கணக்கில் சேர்க்காமல் கீழிருந்து எண்ணுங்கள். ஆறாவது இலைக்கு மேலே, அந்தக் கணுவிலிருந்து அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் வெட்டு காயும்போது கக்க மொட்டும் சேர்ந்து காயும்; இரண்டு சென்டிமீட்டர் குச்சியை விட்டால் அது அழுகிக் கீழே இறங்கும். சாய்த்து வெட்ட வேண்டுமா, நேராக வெட்ட வேண்டுமா என்ற விவாதம் வீட்டுக்குள் அர்த்தமற்றது, மழை நீர் தேங்கப் போவதில்லை. விளக்கு எரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெட்டினால் அன்றைக்குள் புண் காய்ந்துவிடும். கொழுந்து இளசாக இருந்தால் நகத்தால் கிள்ளலாம். தண்டு பென்சில் பருமனுக்குப் போய்விட்டால் கூரிய கத்தரி வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும்.

கத்தரியைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் போதும். ஆனால் மிளகாயை வாட்டும் புகையிலைத் தேமல் வைரஸ் குடும்பத்துக்கு ஆல்கஹாலை நம்பாதீர்கள். இந்த வைரஸ் வெட்டுப்புண் வழியாகவும் விரல் வழியாகவுமே செடிக்குச் செடி போகும், காய்ந்த சாற்றிலும் நீண்ட காலம் கிடக்கும். இதற்குக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைசல் நன்றாக வேலை செய்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 20 கிராம். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தரியையும் விரலையும் அதில் தோய்த்தெடுங்கள். வீட்டு ப்ளீச்சை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்தும் கத்தரியை நனைக்கலாம், ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், பிறகு கழுவ வேண்டும். சிகரெட் பிடிப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொடக் கூடாது.

கிள்ளிய நாலைந்து நாளில் மேல் மூன்று கக்கங்களில் பச்சை முளை தெரியும். இரண்டு வாரத்தில் விரல் நீளக் கிளையாகும். அறை 21 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால்தான் இந்தக் கணக்கு. 18க்குக் கீழே போனால் எல்லாம் மெதுவாகும். கிள்ளிய பிறகு உரத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். செடியில் நீராவி விடும் இலை குறைந்திருக்கிறது, வேர் அப்படியேதான் இருக்கிறது. பழைய அளவில் தண்ணீர் ஊற்றினால் வேர் தள்ளும் நீர் போக இடமில்லாமல் இலையின் அடிப்புறத்தில் உப்புக்கல் போன்ற புடைப்புகள் வரும். பூச்சி முட்டை என்று பலர் மருந்தடிப்பது இதைத்தான். நோயல்ல, நீர் வீக்கம். மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் காயும் வரை காத்து ஊற்றுங்கள், காற்றை ஓடவிடுங்கள், புது இலை சரியாக வரும். பழைய புடைப்பு மறையாது. தேங்காய் நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் அதை இந்த அளவு காயவிட வேண்டாம். ஒரு தடவைக்கு ஊற்றும் அளவைக் குறைத்துக்கொண்டு, உரக் கரைசலின் ஈசியை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.6 மில்லிசீமென்ஸுக்குள்ளும், பிஎச்சை (அமிலத்தன்மை அளவு) 5.8 முதல் 6.3க்குள்ளும் வைத்திருந்தால் போதும்.

தொட்டி மாற்றுவதையும் கிள்ளுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இடையே ஒரு வாரமாவது விடுங்கள். எது முதலில் என்றால் தொட்டிதான்: வேர் சுற்றிக்கொண்ட செடி கிள்ளலுக்குப் பதில் சொல்லாமல், கிளம்பிய சிறு கிளையிலேயே அவசர அவசரமாகப் பூ வைக்கும். கடைசியாக 10 முதல் 12 லிட்டர் தொட்டி என்று திட்டமிட்டிருந்தால், மூன்று லிட்டரிலிருந்து அதற்கு மாற்றி, புதுக் கொழுந்து அசைவது தெரிந்தபின் கிள்ளுங்கள்.

இப்போது வளைப்பது. வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு உண்மையான லாபம் இங்கேதான். காரணம் விளக்கு. சூரியன் எவ்வளவோ தொலைவில் இருப்பதால் செடியின் உச்சிக்கும் அடிக்கும் தூர வித்தியாசம் கணக்கில் வராது. அரை மீட்டரில் தொங்கும் விளக்குக்கு அப்படியில்லை. ஒற்றைக் குமிழ் விளக்கானால், தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். அகலமான பலகை விளக்கில் சரிவு இவ்வளவு கடுமையில்லை என்றாலும், உச்சி 20 சென்டிமீட்டரிலும் பக்கக் கிளை 50 சென்டிமீட்டரிலும் இருந்தால் மேலே இலை வெளுக்கும், கீழே மொக்கு உதிரும். எல்லா நுனிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் வளைப்பதன் நோக்கம்.

அந்த மட்டத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுவார்கள்; நொடிக்கு, சதுர மீட்டருக்கு 400 மைக்ரோமோல் என்று வைத்தால், 16 மணி நேரத்தில் 23 மோல் சேரும். மிளகாய்க்கு இது நல்ல அளவு. நாற்றுக்கு 200 போதும். தனிக் கருவி இல்லாதவர்கள் சாதாரண வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மானியில் பார்க்கலாம்: வெள்ளை எல்இடியில் ஒரு மைக்ரோமோல் ஏறத்தாழ 65 முதல் 70 லக்ஸ், ஆக 400 என்பது 27,000 லக்ஸ் அளவு. செடி நெடுநெடுவென்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண் குறைவாக இருப்பதுதான். 8,000 லக்ஸில் நிற்கும் செடியைக் கிள்ளினால் ஒரு நெட்டைக்குப் பதில் மூன்று நெட்டைகள் கிடைக்கும். முதலில் விளக்கைச் சரி செய்யுங்கள்.

கிளைகள் 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆனதும் வளைக்கத் தொடங்கலாம். அதற்கு முன் பிடிமானம் இருக்காது. ரொம்பத் தாமதித்தால் அடி மரமாகி முறியும். தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்று முன், செடி துளி தளர்ந்திருக்கும் வேளையில் வளையுங்கள். ஊற்றிய கையோடு வளைத்தால் நீர் நிறைந்த தண்டு கேரட் மாதிரி பட்டென்று உடையும். முதலில் அடித்தண்டுக்கு எதிர்த் திசையில் ஒரு கட்டுப் போடுங்கள். இதைத் தவறவிட்டால் கிளையை இழுக்கும் விசை முழுவதும் வேருக்குப் போய்ச் செடியே சாயும். பிறகு கிளையின் நடுப்பகுதியில், ஒரு கணுவுக்குக் கீழே, அகலமான துணிப்பட்டையோ ரப்பர் உறையிட்ட கம்பியோ தளர்வான வளையமாகப் போட்டு, தொட்டி விளிம்பில் துளையிட்டு இழுத்துக் கட்டுங்கள். முதல் நாள் 45 டிகிரி போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். நுனி மட்டும் எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும். நுனியையும் தரையைப் பார்க்க வைத்தால் அந்தக் கிளை நின்றுவிடும், அதன் முதுகிலிருந்து வேறொரு முரட்டுக் கிளை கிளம்பும்.

நூலோ மெல்லிய கம்பியோ நேரடியாகப் போடாதீர்கள். தண்டு வாரத்துக்கு வாரம் தடிக்கும், கயிறு தோலுக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு இறங்கும் சர்க்கரையை வழியிலேயே மறிக்கும். கட்டுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வாரம் ஒரு முறை எல்லா வளையத்திலும் சுண்டு விரல் நுனி நுழைகிறதா என்று பாருங்கள்.

மிளகாயில் முறியும் இடம் எப்போதும் கவைதான். இரண்டு கிளையையும் இரு பக்கம் இழுத்தால் நடுவில் கிழிந்து, கிழிசல் தண்டுக்குள் இறங்கும். அதனால் இழுக்கும் கையைவிட, கவையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மற்ற கைக்குத்தான் பொறுப்பு அதிகம். கிழிந்துவிட்டால் பதற வேண்டாம். உடனே, வெட்டுமுகம் காய்வதற்குள், இரண்டு பாதியையும் பொருத்தி, ஒட்டு நாடாவால் இறுகச் சுற்றி, கிளைக்கு முட்டுக் கொடுங்கள். தோல் ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிச்சு விழுந்து கூடிவிடும். முழுவதும் தொங்கிவிட்டால் வெட்டிவிடுவதே நல்லது.

கட்டங்கட்டமான வலையை விரித்து, கிளைகளை அதற்குள் நுழைத்துப் பரப்பும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். மிளகாய்க்கு அது வசதிப்படாது. கிளை கவையாகக் கவையாகப் பிரிவதால் வலைக்குள் மாட்டிக்கொள்ளும். இலையடியில் பூச்சி பார்க்கவோ தொட்டியைத் திருப்பவோ முடியாது. நாலைந்து துணிக்கட்டே போதும்.

குடைமிளகாய்க்கு வேறு வழி என்றேனே. பசுமைக்குடிலில் வணிகமாக வளர்க்கும் டச்சுக்காரர்கள் முதல் கவைக்கு மேலே செடிக்கு இரண்டே தண்டுகளை வைத்து, ஒவ்வொன்றையும் தனிக் கயிற்றில் மேலே ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கணுவிலும் பிரியும் இரண்டில் பலமானதை விட்டு மற்றதை ஓரிரு இலையோடு கிள்ளிவிடுவார்கள். ஸ்பானிய முறையில் கவாத்தே கிடையாது, வரிசையின் இருபுறமும் கிடைக்கயிறு கட்டிச் செடியைத் தாங்கவிடுவதோடு சரி. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத இடத்தில் டச்சு முறையைச் சுருக்கி, இரண்டுக்குப் பதில் நான்கு தண்டு விட்டு, அவற்றை நாலு பக்கமும் சாய்த்துக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இலை எடுப்பதில்தான் பெரும்பாலோர் கை நீளுகிறது. கவை வந்து, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு நல்ல இலைகள் விரியும் வரை தண்டு இலைகளைத் தொடாதீர்கள். செடியைத் தூக்கி நிறுத்துபவை அவைதான். மண்ணைத் தொடும் இலை, மஞ்சளான இலை, முழு நிழலில் கிடக்கும் இலை, இவை மட்டும் போகலாம். பிறகு கவைக்குக் கீழே கிளம்பும் வெளிறிய பக்க முளைகளை விரல் நீளத்துக்குள் உடைத்து எடுங்கள். நுனி கிள்ளிய செடியில் மேலிருந்து மூன்று நான்கு கிளைகளை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே வருவதை எடுங்கள். ஒரே நேரத்தில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, அடுத்த தடவைக்கு பத்து நாளாவது இடைவெளி வேண்டும். உள்ளே வெளிச்சம் போகட்டும் என்று நடு இலைகளைக் கொத்துக் கொத்தாக உருவிவிடுவதில் லாபமில்லை: நாளை வரும் காய்க்கு நிழல் தரும் இலை அது, இல்லாவிட்டால் விளக்கு பட்ட இடத்தில் காயின் தோல் வெளுத்து வெந்துவிடும். இலையை விலக்கிக் கட்டினாலே வெளிச்சம் போகும்.

கிள்ளிய பிறகு வரும் புதுக் கொழுந்து சுருங்கி, கீழ்நோக்கி மடிந்து, பளபளப்பாகத் தெரிந்தால் 'வெட்டிய அதிர்ச்சி' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வெட்டிய அதிர்ச்சியில் வளர்ச்சி நிற்கும், இலை கோணாது. கோணலுக்கு முதல் சந்தேகம் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, இளங்கொழுந்தையே தேடிப் போவது. கிள்ளலால் ஒரே நேரத்தில் நாலைந்து கொழுந்து கிளம்பும்போது அதற்குக் கொண்டாட்டம். இருபது மடங்குக்குக் குறையாத லென்ஸில் இலையடியைப் பாருங்கள்: வெண்புள்ளி வரிசை பதித்த நீள்முட்டை தெரிந்தால் உறுதி. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். நுனியில் பிசுபிசுப்பும் உரித்த வெள்ளைத் தோல்களும் இருந்தால் அசுவினி. மூன்றில் எதுவானாலும் பூச்சியை ஒழித்த பிறகே அடுத்த வெட்டும் கட்டும்.

கடைசியாக முதல் பூ. கவையின் நடுவே வரும் அந்தப் பூவைக் கிள்ளி எறியுங்கள். விட்டால் அது காயாகி, இரண்டு கிளைக்கும் போக வேண்டியதை நடுவில் நின்று தின்னும். காய் தடித்தால் கவையைப் பிளக்கவும் செய்யும். செடி 30 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அடுத்த தளத்துப் பூக்களையும் எடுக்கலாம், ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் இதை இழுக்காதீர்கள். நுனி கிள்ளிய செடி ஏற்கெனவே தாமதப்பட்டிருக்கிறது. அதற்கு ஒவ்வொரு கிளையின் முதல் கவைப் பூவை மட்டும் எடுத்தால் போதும். அதற்குப் பிறகு பூ விடட்டும், இலை மெல்ல அசையும் அளவுக்கு ஒரு சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். வீட்டுக்குள் தேனீ இல்லை, அந்தக் காற்றாட்டத்தில்தான் மகரந்தம் உதிரும், தண்டும் தடிக்கும். பகலில் 32 டிகிரி தாண்டினாலோ இரவில் 24க்குக் கீழே இறங்காவிட்டாலோ பூ கொத்தாக உதிரும். அப்போது கவாத்தைக் குறை சொல்லாமல் வெப்பமானியைப் பாருங்கள்.